ஒத்தையடிப் பாதைக்கு இருபதடி ஃபிளெக்ஸ்

வாங்கப்பு. வா தாயி. திண்ணையில எடம் இருக்கு, உக்காருங்க. வேனை எங்க நிப்பாட்டியிருக்கீங்க? மாந்தோப்புப் பக்கமா? சரி சரி, இது காய்க்கிற காலம் இல்ல. தோப்புக்காரன் ஒண்ணுஞ் சொல்ல மாட்டான்.

காத்தடிச்சு மலைப்பாதை அடைபட்டுக் கெடக்குன்னு சேதி கேட்டு, ஞாயித்துக்கெழமை தூக்கத்தை விட்டுப்புட்டு மதுரையில இருந்து வந்திருக்கீங்க. பெரிய மனசு. உங்க வயசுல எனக்கு ஞாயித்துக்கெழமைன்னு ஒண்ணு இருக்குறதே தெரியாது. மலை மேல மூட்டை ஏத்துறதும், எறக்குறதும், மட்டக்குதிரைக்குக் கொள்ளு வேக வைக்கிறதுமாப் போயிருச்சு பொழப்பு. அதனால கெழவன் வாயில வர்ற நாலு வார்த்தையக் கேட்டுக்கிட்டு மேல ஏறுங்க. காசு வேணாம். ஒரு பீடிக்கட்டு வாங்கிக் குடுத்தாப் போதும். அதுவும் உங்க இஷ்டந்தான், நான் கேக்கல.

மொத வேலையா அந்த ஃபிளெக்ஸைக் கட்டிருங்க. அதுல கஞ்சத்தனம் கூடாது. இருபதடி நீளம், எட்டடி ஒசரம் இருக்கும் போல. பாதையோட அகலம் ரெண்டடி. எதுக்க மூட்டையோட ஒரு குதிரை வந்தா மலைப்பக்கமா ஒண்டி நிக்கணும். பள்ளத்துப் பக்கம் ஒதுங்குனா மூட்டை இடிச்சு உங்கள மாந்தோப்புலயே எறக்கிவிட்ரும். அப்பேர்ப்பட்ட பாதைக்கு இம்புட்டுப் பெரிய ஃபிளெக்ஸுன்னா பாதைக்கே ஒரு மரியாதை. கட்டுறதுக்குக் காத்துல விழாம தப்பிச்ச மரம் ரெண்டு மொகப்புலயே நிக்குது. அதுல ஆணி அடிங்க. புயலுக்குத் தப்புனதை நீங்க விடலாமா? நாப்பது மூஞ்சிக்கு நடுவுல ஒரு மூலையில பாதை படமும் போட்டிருக்கீங்க, பாத்தேன். அது எங்க பாதை இல்ல, ஊட்டிப் பக்கம் எதுவோ. பரவால்ல, பாதைன்னா எல்லாம் பாதைதான்.

கஜா புயல் அடிச்சப்பவும் இப்புடித்தான் வந்தாய்ங்க.

2018 நவம்பர் 16, வெள்ளிக்கெழமை. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல ராத்திரியோட ராத்திரியாக் கரையேறுச்சு. காத்து மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல. தஞ்சாவூரு, புதுக்கோட்டைச் சம்சாரிக பேரன் பேத்திக்குன்னு வச்ச தென்னையெல்லாம் சாச்சுப்புட்டு, திண்டுக்கல் வழியா இங்கிட்டு வந்துச்சு. கடக்கரையில இருந்து இம்புட்டுத் தூரம் வந்தா அதுக்கும் காலு ஓஞ்சு போகும்னு நெனச்சோம். ஓயல. கொடைக்கானல்ல மரம் விழுந்து, மண்ணு சரிஞ்சு, ரோடு அடைபட்டு, கரண்டு இல்லாம நாள்கணக்காக் கெடந்தாக. கஜாங்கிற பேரை இலங்கைக்காரக குடுத்தாகளாம். யானைன்னு அர்த்தம்னு பேரன் சொன்னான். எனக்கு அதுல ஒரு வருத்தம். யானை போன எடம் வழியாகும். நம்ம மலைப்பாதையில பாதிக்கு மேல யானையும் காட்டுமாடும் போட்டுக் குடுத்ததுதான், மனுசன் பின்னால வந்து பேரு வச்சான். இது வந்த எடத்துல இருந்த வழியும் போச்சு. யானை பேரைக் கெடுத்துருச்சு.

கும்பக்கரையில இருந்து வெள்ளகவி, அங்கிட்டு வட்டக்கானல், அப்புறம் கொடைக்கானல்னு ஏறுற பழைய பாதை இருக்குல்ல, அதோட பங்காளி மாதிரி எங்க ஊருக்குப் பின்னால இருந்து ஏறுற பாதை இது. பெரிய பாதைக்கு வரலாறு இருக்கு. 1821-ல வார்டுன்னு ஒரு துரை மலைய அளக்குறதுக்கு வெள்ளகவி வழியாத்தான் ஏறுனான். 1845-ல மதுரையில வெக்க தாங்காம அமெரிக்கப் பாதிரிமாரு மேல போயி வீடு கட்டுனாக. லா துரையோட காட் ரோடு 1914-ல முடியிற வரைக்கும் துரைமாரும் துரைசாணிமாரும் கிருஷ்ணமநாயக்கன் தோப்புல எறங்கி, அங்க இருந்து குதிரையில இல்லாட்டி டோலியிலதான் மேல போகணும். ரோடு போட்ட துரை பேரு ரோட்டுக்கு நெலச்சு நிக்குது. டோலி தூக்குன ஆளுகளுக்கும் ஞாயம் செஞ்சாக, தோப்புல இருந்து போற பாதைக்குக் 'கூலி காட்'டுன்னு பேரு வச்சாக. ஆளு பேரு இல்ல, கூலி பேரு. அம்புட்டுத்தான் அகப்பட்டுச்சு.

வெள்ளகவியில செருப்புப் போட்டு ஊருக்குள்ள போகக் கூடாது. தெரியுமா? ஊரே கோயில் மாதிரி அவுகளுக்கு. உங்க பளபளா ஷூவ எல்லையிலயே கழட்டிருங்க. அங்கயும் இந்த மாதிரி ஊருகள்லயும் ரோடு இல்லாத காலம் பூரா அரிசி, பருப்பு, மண்ணெண்ண, சிலிண்டரு அம்புட்டும் குதிரை முதுகுலயும் மனுசன் தலையிலயும் போனது. மேலுக்கு முடியாத ஆளுன்னா டோலி கட்டித் தூக்கிக்கிட்டு எறங்குவாக. இதை எதுக்குச் சொல்றேன்னா, பாதை அடைபட்டா உங்களுக்கு ட்ரெக்கிங் போச்சு. மேல இருக்குறவனுக்கு அரிசி போச்சு. ரெண்டும் ஒண்ணுதான்னு நெனச்சுக்கிட்டு வேலை செய்யுங்க, உற்சாகமா இருக்கும்.

கஜாவுக்கு அடுத்த மொத ஞாயித்துக்கெழமை நாப்பது பேரு வந்தாய்ங்க. உங்கள மாதிரியே ஒரே நெறத்துச் சட்டை. காலையில ஏழு மணிக்குன்னு சொல்லி ஒம்பதரைக்கு வந்து, பத்து மணிக்கு இட்லி சாப்புட்டு, பத்தரைக்குப் படம் எடுத்து, பதினோரு மணிக்கு மம்பட்டியத் தொட்டாய்ங்க. அதுக்கப்புறம் செஞ்ச வேலைய மறுக்கக் கூடாது, பேய் மாதிரி செஞ்சாய்ங்க. பாதையில கெடந்த சருகை ஒண்ணு விடாமக் கூட்டுனாய்ங்க. துருத்திக்கிட்டு இருந்த கல்லையெல்லாம் கடப்பாரையில நெம்பிப் பள்ளத்துல தள்ளுனாய்ங்க. மேடு பள்ளத்தைச் செதுக்கி, கேரம் போர்டு மாதிரி மட்டம் பண்ணுனாய்ங்க. செதுக்குன மண்ணை என்ன பண்றது? பள்ளத்துப் பக்கம் ஓரத்துல நீளத்துக்கும் வரப்பு மாதிரி அணைச்சு, மம்பட்டி முதுகால தட்டி, மொழுகிவிட்டாப்புல வச்சாய்ங்க. கண்ணுல ஒத்திக்கலாம். நான் மூணாவது வளைவுல ஒரு கல்லை உருட்டிப் போட்டு, அதுல உக்காந்து பீடியப் பத்தவச்சுக்கிட்டு பாத்துக்கிட்டே இருந்தேன்.

"எப்புடி தாத்தா இருக்கு?"ன்னு கேட்டாய்ங்க.

"நெல்லு நடலாம் அப்பு"ன்னேன்.

சிரிச்சாய்ங்க. பாராட்டுன்னு நெனச்சுட்டாய்ங்க.

செவ்வாக்கெழமை மழை. கார்த்திகை மழை எங்க சரிவுல எப்புடின்னு உங்களுக்குத் தெரியாது, ஆரம்பிச்சா அண்டாவைக் கவுத்த மாதிரி. மேட்டுல இருந்து வந்த தண்ணி பாதையப் பாத்துச்சு. சருகு இல்ல, கல்லு இல்ல, வெளிய போக விடாம ஓரத்துல வரப்பு வேற. "அட, நமக்குன்னு பயலுக வாய்க்கா வெட்டி வச்சிருக்காய்ங்க"ன்னு எறங்குச்சு பாரு. புதன்கெழமை போயிப் பாத்தா, கேரம் போர்டுல மொழங்கால் ஆழத்துக்கு ஒரு ஓடை. கஜா மரத்தைத்தான் போட்டுச்சு, பாதைய விட்டு வச்சிருந்துச்சு. மிச்சத்தை நாப்பது பேரு சேந்து முடிச்சு வச்சாய்ங்க.

வயலுக்குத்தான் வரப்பு. பாதைக்கு வரப்புக் கட்டுனா அது பாதை இல்ல, வாய்க்கா.

ரெண்டாவது ஞாயித்துக்கெழமை பதினாலு பேரு. மிச்சப் பேருக்கு ஒடம்பு வலி, கல்யாணம், காய்ச்சல், கிரிக்கெட்டு. அன்னைக்கு மரம் அறுக்குற வேலை. பாதைக்குக் குறுக்க ஒரு சில்வர் ஓக். தலைமாடு ஒரு கரையில, கால்மாடு ஒரு கரையில, நடுவுல பாலம் மாதிரி தொங்கிக்கிட்டுக் கெடக்கு. பைக் மெக்கானிக் தம்பி ஒருத்தன், நல்ல பய, கை வேலைக்காரன். இரு ஆளு இழுக்குற வாளை வாங்கி, இன்னொருத்தனை அந்தப் பக்கம் நிப்பாட்டி மேல இருந்து அறுக்க ஆரம்பிச்சான். பாதி கூடப் போகல. மரம் வாளைக் கவ்விருச்சு. ரெண்டு பேரு இழுத்தாய்ங்க. நாலு பேரு இழுத்தாய்ங்க. மிச்சப் பத்துப் பேரு அதை வீடியோ எடுத்தாய்ங்க. நான் சொன்னேன், "இழுக்காதப்பு, அப்புடியே விட்ருங்க. அடுத்த ஐப்பசிக்குத் தளுத்துரும். வாள் மரம்னு பேரு வச்சு டிக்கெட்டுப் போடலாம்."

அந்த மெக்கானிக்கு மட்டும் சிரிக்கல. கிட்ட வந்து, "ஏன் தாத்தா கவ்வுது?"ன்னு கேட்டான். கேட்டவனுக்குச் சொல்லணும்ல.

விழுந்த மரம் செத்த மரம்னு நெனச்சுறாதீங்க, அது கோவத்தோட படுத்திருக்கு. ரெண்டு பக்கமும் முட்டுக் குடுத்துக் கெடந்தா நடுவுல மேல்பக்கம் நசுங்கிக்கிட்டு இருக்கும், கீழ்ப்பக்கம் விண்ணுன்னு இழுபட்டுக்கிட்டு இருக்கும். மேல இருந்தே அறுத்தா வெட்டு வாய மூடிக்கிரும். மேல கொஞ்சமா ஒரு வெட்டு, மிச்சத்தைக் கீழ இருந்து மேல. ஒரு பக்கம் மட்டும் முட்டி, மறுபக்கம் அந்தரத்துல தொங்குதுன்னா எல்லாம் தலைகீழு. கீழ கொஞ்சம், அப்புறம் மேல இருந்து. அறுந்த துண்டு உருளும், அதனால மேட்டுப் பக்கந்தான் நிக்கணும். பெரிய மரத்துக்கு அடியில வில்லு மாதிரி வளஞ்சு மாட்டிக்கிட்டுக் கெடக்குற சின்னக் கொப்பு இருக்கே, அது மகா பொல்லாதது. நறுக்குன்னு வெட்டுனா மொகரைய எடுத்துரும். கொஞ்சங் கொஞ்சமாச் செதுக்கித் தளர விடணும். அப்புறம் வேரோட பெயந்து சாஞ்ச மரம். அடிமரத்தை அறுத்து பாரம் போனதும், வேர்த்தட்டு மண்ணோட எந்திரிச்சுத் தன் குழிக்குள்ளயே திரும்ப உக்காந்துக்கிரும். அந்தக் குழிக்குள்ள எறங்கி நின்னு செல்ஃபி எடுத்தா பிரமாதமா வரும். எடுக்குறவுக வீட்டுல ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க.

மேல போகப் போக வாட்டிலும் யூகலிப்டஸும். வெள்ளைக்காரன் காலத்துல கடல் தாண்டி வந்த மரம். அந்த வாட்டில் வேரு மேலாப்புல ஓடும், ஆழத்துக்குப் போகாது. ஒசரமா, மினுக்கா நிக்கும், காத்தடிச்சா முன்னால அதுதான் படுக்கும். யாரையும் குத்திச் சொல்லல.

இதையெல்லாம் நீங்களா போயி அறுக்கலாமான்னா, கூடாது. காடு வனத்துறையோடது, 2013-ல இருந்து மேல சரணாலயம் வேற. எழுதிக் குடுத்து, அனுமதி வாங்கி, கார்டு ஒருத்தரைக் கூட வச்சுக்கிட்டுத்தான் கை வைக்கணும். அறுத்த துண்டைப் பாதை ஓரமாத் தள்ளி வைக்கலாம், வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகக் கூடாது. கஜா அடிச்ச அதே வருசம் மார்ச்சுல, போடிக்கு மேல குரங்கணியில காட்டுத்தீயில சிக்கி மலையேறப் போனவுக 23 பேரு செத்தாக. அதுக்கப்புறந்தான் மலையேத்தத்துக்குக் கெடுபிடி வந்துச்சு. அந்த விசயத்துல நான் நக்கல் பண்ண மாட்டேன். அனுமதி இல்லாம ஏறாதீங்க.

அனுமதின்னு சொன்னதும் ஞாபகம் வருது. ஒருக்கா ஒரு ஆபீசுல போயி நின்னேன், எந்த ஆபீசுன்னு கேக்காதீங்க. மரம்னா அந்த மேசை, பாதைன்னா இந்த மேசைன்னு சொன்னாக. "ஐயா, மரம் பாதை மேல விழுந்து கெடக்கு"ன்னேன். அதுக்குத் தனி மேசை இருக்காம். அவரு லீவு. நாலு தடவை போனேன். நாலாவது தடவை போறதுக்குள்ள கரையான் பாதி மரத்தைத் தின்னுருச்சு. கரையான் எந்த மேசையில கையெழுத்து வாங்குச்சோ.

மூணாவது ஞாயித்துக்கெழமை விடியக்காலையில இருந்தே மழை. ஒருத்தனும் வர மாட்டாய்ங்கன்னு நான் போத்திப் படுத்துட்டேன். ஏழு மணிக்கு வாசல்ல சத்தம். மூணு பேரு. அந்த மெக்கானிக்கு, ஒரு ரிட்டயர்டு வாத்தியாரு, அப்புறம் பேங்குல வேலை பாக்குற ஒரு பொண்ணு. கையில ஒரு நோட்டு, அது நனையாம இருக்க பிளாஸ்டிக் பையி. "தாத்தா, இன்னைக்கு வேலை நடக்காது, தெரியும். மழையில பாதை எப்புடி இருக்குன்னு பாக்க வந்தோம்"னுச்சு.

அப்பத்தான் எனக்கு மொத தடவையா சிரிப்பு வரல.

குடைய எடுத்துக்கிட்டுக் கூடப் போனேன். அப்பு, பாதைய வெயில்ல பாத்தா மரந்தான் தெரியும். மழையில பாத்தாத்தான் பாதை தெரியும். தண்ணி எங்க உள்ள நொழையுது, எம்புட்டுத் தூரம் நம்ம கூடவே நடந்து வருது, எங்க எறங்கப் பாத்து முடியாமத் தவிக்குது, எல்லாத்தையும் அதுவே காட்டும். அந்தப் பொண்ணு வரப்புக்கிட்ட நின்னுச்சு. ஓரத்துல மண்ணு அணைச்ச எடத்துல தண்ணி தளும்பி, வெளிய போக வழி தேடி அலமோதிக்கிட்டு நிக்கிது. குனிஞ்சு வெரலால ஒரு கீறு கீறுச்சு. வெரல் அகலந்தான். தண்ணி அது வழியா எட்டிப் பாத்துச்சு, மண்ணை அரிச்சுச்சு, ரெண்டு நிமிசத்துல கை அகல வாயாகி, அந்தத் தேக்கம் அம்புட்டும் சரசரன்னு பள்ளத்துல எறங்கிருச்சு. அதுக்கு அங்கிட்டு இருந்த பாதையில ஓட்டம் பாதியாக் கொறஞ்சு போச்சு. அந்தப் பொண்ணு எந்திரிச்சுச் சேத்து வெரலைப் பாத்துச்சு, என்னையப் பாத்துச்சு. நோட்டுல எழுதல. எழுத மறந்துருச்சு.

அன்னைக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்றேன். பாதைய மட்டம் பண்ணாதீங்க. பள்ளத்துப் பக்கமா லேசாச் சரிவு வைங்க, உருண்டு வந்த தண்ணி தாண்டிப் போயிறணும். சரிவு எம்புட்டுன்னா, நடக்குற ஆளுக்குத் தெரியக் கூடாது, தண்ணிக்குத் தெரியணும். செங்குத்தா ஏறுற எடத்துல நீளக் கல்லைக் குறுக்க போடுங்க, நேராப் போடாதீங்க. பள்ளத்துப் பக்கம் போற முனை கீழ எறங்குன மாதிரி சாய்ச்சுப் போடணும். கல்லுல பாதிக்கு மேல மண்ணுக்குள்ள போகணும். மேலாப்புல வச்ச கல்லு மொதக் குதிரை மிதிக்கவும் உங்கள மாதிரி கெளம்பிரும். படிக்கட்டுக் கட்டுறேன்னு மொழங்கால் ஒசரத்துக்குக் கட்டுனா குதிரை ஏறாது, கெழவி ஏறாது. ரெண்டு பேரும் படிய விட்டுப்புட்டு ஓரத்துல நடப்பாக. அங்க புதுசா ஒரு தடம் விழும், தண்ணி அதுல எறங்கும். அதே கதைதான் வளைவுக்கும். மலைப்பாதை வளஞ்சு வளஞ்சு போறது பாதை போட்டவன் குடிச்சுப்புட்டுப் போட்டதால இல்ல. வளைவை வெட்டிக் குறுக்கால எறங்குனா உங்களுக்கு நாலு நிமிசம் மிச்சம். உங்க குதிகாலு கீறுன கோட்டுல தண்ணி எறங்கி, ரெண்டு மழையில மேல் பாதையும் கீழ் பாதையும் சேந்து ஒரே பள்ளமாயிரும். பழைய கல்லை மட்டும் நெம்பாதீங்க. எங்க பாட்டனுக எந்தக் கல்லை எதுக்குப் போட்டாகன்னு தெரியாம எடுத்தா, அது எதுக்குன்னு மழை வந்து சொல்லும்.

இதெல்லாம் பழைய காலத்துல ஊரே கூடிச் செஞ்ச வேலை, குடிமராமத்து, வீட்டுக்கு ஒரு ஆளு, ஒத்துமைன்னா ஒத்துமைன்னு மேடையில பேசுவாக. கேட்டுக்குங்க, நம்பாதீங்க. கண்மாய்க்கரை அணைக்கிறதுக்கும் வாய்க்கா தூரெடுக்குறதுக்கும் ஆளு வராமத்தான் 1858-ல மெட்ராஸ் சர்க்காரு கட்டாய வேலைச் சட்டமே போட்டுச்சு. வராதவன்கிட்ட காசு வசூல் பண்றதுக்கு. அப்பவும் ஒழுங்கா வரல. 2017-ல மறுபடி குடிமராமத்துன்னு அதே பேருல தமிழ்நாட்டு அரசாங்கம் திட்டம் போட்டுச்சு. பேரு என்னமோ பழசுதான். எங்க தாத்தாவுக்குச் சட்டம் கிட்டம் தெரியாது. மேல வனதேவதைக்குப் பொங்க வைக்கிறதுக்கு மொத வாரம் பாதை திருத்தணும், திருத்த வந்த வீட்டுக்குத்தான் கெடாக்கறிப் பங்குன்னு வச்சிருந்தாரு. சட்டத்துக்கு வராதவன் கறிக்கு வந்தான். கடைசி வீட்டுச் சுப்பனுக்கு அந்த வருசம் காலு சுளுக்கு. நொண்டிக்கிட்டே வந்து ஒரு கல்லைத் தூக்கிப் போட்டுட்டு எலையில உக்காந்தானாம். உங்க வாட்சாப் குரூப்புல 200 பேரு இருக்காகன்னு சொன்னீங்களே, கெடா வெட்டுறோம்னு ஒரு சேதி போட்டுப் பாருங்க. வேன் பத்தாது.

சாப்பாடுன்னு சொன்னதும் ஒண்ணு. புரோட்டா பார்சலைப் பிளாஸ்டிக் பையோட மேல கொண்டு போகாதீங்க, கொரங்கு உங்கள விடச் சுறுசுறுப்பு. அட்டை ஏறுனா கத்தாதீங்க, பிச்சு இழுக்காதீங்க. கொஞ்சம் உப்பு, இல்லாட்டி பொகையிலத் தண்ணி. உங்க ரத்தத்துல கொஞ்சம் மலைக்கும் போகட்டுமே. காட்டுமாடு குறுக்க நின்னா அதுதான் மேஸ்திரி, நீங்க சித்தாளு. அது நவுந்து போறவரைக்கும் பேசாம நிக்கணும். படம் எடுக்கக் கிட்டப் போகக் கூடாது.

சரி, வெயில் ஏறுது. நீங்க கெளம்புங்க. இன்னைக்கு நாப்பது பேரு இருக்கீங்க, பாக்கவே சந்தோசமா இருக்கு. மூணாவது வாரம் வர்ற மூணு பேரு யாருன்னு எனக்கு இப்பவே தெரியும், சொல்ல மாட்டேன். சொன்னா மிச்ச முப்பத்தேழு பேரும் இன்னைக்கே வேனுல போயி உக்காந்துக்குவீங்க. அந்தா, கடைசியில நிக்கிற தம்பி, ஃபிளெக்ஸைச் சுருட்டித் தோள்ல போட்டிருக்கானே, அவன் வருவான்னு நெனைக்கிறேன். சும்மா இல்ல, இம்புட்டு நேரமா நான் பேசுறப்ப அவன் மட்டுந்தான் போனைப் பாக்கல.

மேல மூணாவது வளைவுல உங்களுக்காக அந்தப் பேங்குப் பொண்ணு நிக்கிது. கஜாவுல இருந்து வருசா வருசம் ஐப்பசி கார்த்திகையில விடாம வருது. இப்ப என்னைய விட அதுக்குத்தான் பாதை பத்தி நல்லாத் தெரியும். மம்பட்டி புடிக்கிற விதத்தைப் பாத்தா பேங்குன்னு சொல்ல முடியாது. அது சொல்றபடி கேட்டு வேலை செய்யுங்க.

ஒரு விசயம் மட்டும் காதோட வச்சுக்குங்க. அந்த வளைவுல ஒரு கல்லு கெடக்கும். புதுசா யாரு வந்தாலும் அந்தப் பொண்ணு அதுக்கிட்டக் கூட்டிட்டுப் போயி நிப்பாட்டும். தண்ணி திரும்புற சரியான எடம், சரியான சாய்வு, கஜாவுக்கப்புறம் இந்த வளைவு நின்னதே இந்தக் கல்லாலதான், பெரியவுக எம்புட்டுக் கணக்காப் போட்டிருக்காக பாருங்கன்னு அளந்து காட்டும். நோட்டுல படம் கூட வரஞ்சு வச்சிருக்கு. நீங்களும் ஆமா ஆமான்னு தலையாட்டுங்க. பீடிக் கதைய மட்டும் சொல்லிறாதீங்க.